நகக்குறி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன மனிதர், இந்த வாரம் புதன்கிழமை காலை ஏழு மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவர் மனைவியே நம்பவில்லை.

"நிஜமாவே வர்றீங்களா?"

"கண்ணால பார்த்துட்டு வேண்டாம்னு சொல்றேன். பார்க்காம சொன்னா வாய்க்கொழுப்புங்கிறே இல்ல?"

தெருவில் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. மனைவி தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கடைசி வரிவரை படிக்காமல் கீழே வைக்க மாட்டாள். இவர்களுக்கு ஒரே மகள். வயது முப்பத்து நாலு ஆகியும் வீட்டில் இன்னும் வாண்டுதான்.

அந்த வாண்டு வேலை பார்க்கும் தனியார் கம்பெனி, ஆட்களை ராக்கெட்டில் ஏற்றி வானத்தின் விளிம்பைக் காட்டிவிட்டு இறக்கிவிடுகிறது. ஆட்கள் உட்காரும் கலத்தின் கதவு அவள் பொறுப்பு. வரும் வெள்ளிக்கிழமை பயணத்துக்கு நாலு சீட். அதில் ஒரு சீட்டு மரக்கடை முதலாளி ஒருவருடையது. அவருக்கு ரத்த அழுத்தம் எகிறிப்போய், டாக்டர் பயணத்துக்குப் பிறகு வரும் திங்கட்கிழமைதான் மறுபடி வரச் சொல்லிவிட்டார். "வருஷக்கணக்கா கதவை மூடி மத்தவங்களை அனுப்பினவங்க, ஒரு தடவை உள்ள உட்காரட்டும்" என்று கம்பெனி முதலாளி வாண்டுவின் பெயரைச் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரமாக வீட்டில் இதுதான் ரகளை. அப்பாவும் மகளும் பேச்சு இல்லை. இன்றைக்குப் பயணிகளின் குடும்பத்தாருக்குக் கலத்தைக் காட்டுகிறார்கள். அதற்குத்தான் இந்தப் புறப்பாடு.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"மூணு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் ஓடணும்னா, வருஷா வருஷம் அரசாங்க ஆய்வாளர் வந்து பார்த்து, சான்றிதழ் எழுதி உள்ளேயே ஒட்டிட்டுப் போவாரு. இது நூறு கிலோமீட்டர் மேல போகுது. இதுக்கு யார் சான்றிதழ் கொடுத்தா?"

"யாரும் கொடுக்கலை" என்றாள் மனைவி, டிக்கெட்டை மடித்துக்கொண்டே. "கம்பெனி கொடுத்த ஒப்புதல் தாள் இருபத்திரெண்டு பக்கம். முழுசாப் படிச்சேன். ஒன்பதாம் பக்கத்துல பச்சையாப் போட்டிருக்கு. வண்டி பத்திரமானதுன்னு அரசாங்கம் உத்தரவாதம் தரலை, தெரிஞ்சேதான் ஏறறேன்னு ஏறுறவங்க கையெழுத்துப் போடணும்."

"பார்த்தியா! போட்டாளா?"

"என் எதிர்லதான் போட்டா. கை நடுங்கலை."

"உனக்கு?"

மனைவி கையில் டிக்கெட் இன்னும் ஒரு மடிப்பு சிறியதானது.

கம்பெனி வாசலில் காவலாளி இருவர் கழுத்திலும் ஒரு அட்டையை மாட்டிவிட்டான். உள்ளே போனதும் தலைக்குத் துணித் தொப்பி, செருப்புக்கு உறை, கைக்கு ஒரு ஜோடி கையுறை. எதையும் தொடக் கூடாது என்று மூன்று இடத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"தொடக் கூடாதுன்னா கையுறை எதுக்குய்யா?"

"தொடுவீங்கன்னு தெரிஞ்சுதான் சார்" என்றான் கையுறை கொடுத்தவன்.

இந்த ஆள் பரவாயில்லை என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டார்.

கூடம் முழுக்க வெள்ளை விளக்கு. நடுவில் இரும்புத் தாங்கி மேல் கலம் நின்றது. கவிழ்த்துவைத்த பெரிய கோப்பை மாதிரி இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு வேனின் உள்பக்கம் அளவுகூட இல்லை. அதன் பக்கத்தில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக மகள் நின்றாள். அவளைவிட ஒரு முழம் உயரமான ஓர் இன்ஜினியர் வந்து, "கதவக்கா, வலப்பக்கக் கீலைத் துடைக்கலாமா?" என்று கேட்டான். "அஞ்சு நிமிஷம் பொறு" என்றாள். அவன் பொறுத்தான். நரைத்த தலைகளும் அவளைக் கதவக்கா என்றுதான் கூப்பிட்டன.

அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. பிறகு சாதாரணமாக, "வா, காட்டறேன்" என்றாள். இரண்டு வார மௌனம் அத்தோடு போயிற்று.

"மொத்தம் எவ்வளவு நேரம்?" அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏறி இறங்க பதினோரு நிமிஷம்."

"அவ்வளவுதானா? பஸ் ஸ்டாப்புல இதைவிட அதிகமா நின்னிருக்கேனே!"

"அதுல மூணு நிமிஷம் உடம்புக்கு எடையே இருக்காதுப்பா. மிதப்போம்."

"மிதந்து?"

"ஜன்னல்ல பார்ப்போம்."

"பார்த்து?"

"இறங்கிடுவோம்."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்புதான். அவளும் கூடச் சிரித்ததும் கேலி பாதியில் நின்றுவிட்டது.

"நிலாவுக்கெல்லாம் இதுல போக முடியாதாடீ?" என்றாள் அம்மா.

"பூமியைச் சுத்தி வரக்கூட முடியாதும்மா. அதுக்குப் பல மடங்கு வேகம் வேணும். அந்த வேகத்துல திரும்பி வந்தா வெளித்தோல் நெருப்பாப் பழுக்கும். அங்கேயே மாசக்கணக்குல இருந்தா எலும்பு பலம் போகும், கதிர்வீச்சு வேற. எங்களால இப்போதைக்கு ஆனது எட்டிப் பார்க்கிறது மட்டும்தான்."

"எட்டிப் பார்க்கவா இத்தனை அமர்க்களம்?" என்றார் அப்பா.

"எட்டிப் பார்க்கவே முன்னெல்லாம் அரசாங்கம் பொறுக்கி எடுத்த ஆளா இருக்கணும். இப்போ மரக்கடைக்காரர் போறேன்னு கிளம்புறார். லிஃப்ட்காரர் பொண்ணு போறா."

"காசு இருக்கிறவன் போறான்னு சொல்லு."

"ஆமா. இப்போ காசு இருக்கிறவங்கதான். நான் போறது அவங்கள்ல ஒருத்தருக்குப் பிரஷர் ஏறினதால. அதையும் நான் மறைக்கலையே?"

லிஃப்ட்காரருக்கு எரிச்சலாக வந்தது. பொய் சொல்வாள், பிடித்துக்கொள்ளலாம் என்று வந்திருந்தார். விற்க வந்தவர்கள் பேச்சு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இவள் பேச்சில் அது மருந்துக்கும் இல்லை.

அம்மா கொஞ்சம் தள்ளிப் போடப்பட்டிருந்த நாற்காலிப் பக்கம் போனாள். அங்கே மரக்கடை முதலாளி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சீட்டு போனாலும் பார்க்கவாவது விடுங்கள் என்று வந்திருக்கிறாராம். வாட்டசாட்டமான ஆள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

அப்பாவைக் கதவருகே கூட்டிக்கொண்டு போனாள் மகள். கதவு திறந்திருந்தது. விளிம்பு முழுக்க ஒரு துணி உறை.

"இந்த உறையை வந்தவங்களுக்குக் கழட்டிக் காட்டறதில்லை" என்றாள் மெதுவாக. "நீ மூடி வச்சதை நம்ப மாட்டே. அதனால உனக்கு மட்டும்."

உறையைக் கழற்றினாள். கதவின் விளிம்பில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ரப்பர் வளையங்கள். ஆரஞ்சு நிறம். விளக்கில் மினுமினுத்தன.

"உள்ள இருக்கிற காத்து வெளிய போகாம பிடிச்சு வைக்கிறது இந்த ரெண்டும்தான். ஒவ்வொரு அங்குலமும் என் கண்ணு பட்டது. நேத்து சோதனையில ஒரு துளி காத்து கசியலை."

அதைச் சொன்னபோது அவள் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. வேலை சுத்தமாக முடிந்த அன்றைக்குத் தனக்கும் அப்படித்தான் நிமிரும் என்பது லிஃப்ட்காரருக்கு ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் பிடிக்காமல் வேறு பக்கம் பார்த்தார்.

"கதவக்கா! ஒரு நிமிஷம்!" கம்பெனி முதலாளி கூடத்தின் கோடியிலிருந்து கையசைத்தார்.

"இங்கேயே நில்லுப்பா. தொடாதே."

நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

லிஃப்ட் கதவின் ரப்பர் உயிரோடு இருக்கிறதா, செத்துப்போயிற்றா என்று பார்க்க அவர்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுப்பார்கள். குழி உடனே நிரம்பினால் உயிர் இருக்கிறது. நிரம்பாவிட்டால் மாற்று. எந்த ஆய்வாளர் என்ன எழுதிக் கொடுத்தாலும் நகம் சொல்வதைத்தான் அவர் நம்புவார். முப்பத்தெட்டு வருடப் பழக்கம் யோசித்துக்கொண்டா வரும்? ரப்பர் விளிம்பைக் கண்டதும் கை தானாகவே கையுறையைக் கழற்றியது. கட்டைவிரல் போய் வெளி வளையத்தில் உட்கார்ந்தது. அழுத்தினார்.

லிஃப்ட் ரப்பர் மாதிரி இது முரண்டு பிடிக்கவில்லை. வெண்ணெய்க்குள் போவதுபோல நகம் உள்ளே போயிற்று. எடுத்தார். குழி நிரம்பியது. ஆனால் நகம் பட்ட இடத்தில் பிறை வடிவத்தில் ஒரு கீறல் நின்றது. மயிரிழைதான். விரலால் நீவினார். போகவில்லை. குனிந்து ஊதிக்கூடப் பார்த்தார், ஏதோ தூசியை ஊதுகிற மாதிரி.

சுற்றிப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை.

'ஒரு வார்த்தை சொன்னால் போதும், பயணம் நின்றுவிடும்.' முதலில் வந்த நினைப்பு இதுதான். இரண்டு வாரம் மனைவியிடம் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காததை ஒரு நகம் நடத்திவிடும்.

அடுத்த நினைப்பு அதன் பின்னாலேயே வந்தது. சொல்லாமல் விட்டால்? வெள்ளிக்கிழமை காலையில் இந்தக் கதவைக் கடைசியாகப் பார்க்கிற கண் வாண்டுவுடையது இல்லை. அவள் உள்ளே பட்டை கட்டி உட்கார்ந்திருப்பாள். வெளியே நின்று மூடப்போவது வேறொருவன். அவன் இதைப் பார்ப்பானா?

மூன்றாவது நினைப்பு எல்லாவற்றையும்விடக் கசந்தது. சொன்னால், தெரியாமல் செய்தேன் என்பதை யார் நம்புவார்கள்? தன் மனைவியே நம்ப மாட்டாள். அவர் இடத்தில் வேறொருவன் இருந்தால் அவரும் நம்ப மாட்டார்.

மகள் திரும்பி வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. "வெள்ளிக்கிழமை வானம் சுத்தமா இருக்குமாம்ப்பா. இப்பத்தான் தகவல் வந்தது" என்றாள். உறையை எடுத்தாள்.

"மூடாதே" என்றார்.

"என்ன?"

"அதை மூடாதே. வெளி வளையத்துல, என் மார்பு உயரத்துக்குப் பாரு. நகம் பட்டிருக்கு." பிறகு, அவள் வேறு எதுவும் நினைத்துவிடக் கூடாது என்று, "என் நகம்" என்றார்.

அவள் அப்பாவின் வெறுங்கையைப் பார்த்தாள். கோட்டுப் பையிலிருந்து சிறிய விளக்கையும் பூதக்கண்ணாடியையும் எடுத்தாள். குனிந்தாள். வளையத்தின் மேல் மூச்சு படாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. வேலை முகம்.

"எல்லாரும் கையை எடுங்க" என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த எட்டுப் பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். "கதவு வேலை இத்தோட நிக்குது. வெளி வளையத்துல வெட்டு. வெள்ளிக்கிழமை பறக்க முடியாது."

கம்பெனி முதலாளி வந்தார். நாற்பது வயதிருக்கும், ஓட்டப் பந்தயக்காரன் மாதிரி ஷூ. பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

"இதுவா? இது கீறல்கூட இல்லையே, கதவக்கா. நேத்துதானே சோதனை பாஸ் ஆச்சு?"

"அது நேத்து, சார்."

"துடைச்சுட்டு இன்னொரு தடவை காத்து அடிச்சுப் பார்ப்போம். வெளி வளையம் போனாலும் உள் வளையம் இருக்கு. ரெண்டு வச்சிருக்கிறது எதுக்கு?"

"ஒண்ணு கெட்டுட்டா கிளம்பறதுக்கு இல்ல சார், பத்திரமாத் திரும்பி வர்றதுக்கு. கிளம்புறப்போ ரெண்டும் நல்லா இருக்கணும்."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "வளையம் மாத்தினா பசை காய ரெண்டு நாள், சோதனை ஒரு நாள். வெள்ளியை விட்டா செவ்வாய்க்கிழமைதான் வான்வழி அனுமதி இருக்கு. திங்கட்கிழமை அவர் டாக்டர்கிட்ட பாஸ் ஆயிட்டார்னா..." மரக்கடைக்காரர் பக்கம் கண்ணைக் காட்டினார். "சீட்டு அவரோடது. ஒப்பந்தம். புரியுதில்ல?"

"புரியுது."

"புரிஞ்சும் சொல்றீங்க?"

"சீட்டுல யார் உட்கார்ந்தா வளையத்துக்கு என்ன சார்?"

லிஃப்ட்காரருக்கு அங்கே நிற்க முடியவில்லை. முன்னால் வந்தார்.

"நான் பண்ணது. ரப்பரைக் கண்டா நகம் வைக்கிறது என் தொழில் புத்தி. அவ தொடாதேன்னுதான் சொன்னா. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

"உறையைக் கழட்டினது நான்" என்றாள் மகள், முதலாளியைப் பார்த்தபடியே. "விதிப்படி கழட்டியிருக்கக் கூடாது. என் அப்பா பார்க்கணும்னு கழட்டினேன். அறிக்கையில ரெண்டையும் எழுதறேன்."

அவர்மேல் இருந்த பாதிப் பழியை அவள் அத்தனை பேர் நடுவில் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். லிஃப்ட்காரர் வாழ்க்கையில் எத்தனையோ மேஸ்திரிகளைப் பார்த்திருக்கிறார், எத்தனையோ ஆய்வாளர்களைப் பார்த்திருக்கிறார். பழியை எதிரே இருப்பவன் தலையில் கட்டத் தெரியாத ஒருவரையும் பார்த்ததில்லை. இது யார் பெற்ற பெண்? என் பெண்ணா?

முதலாளி பூதக்கண்ணாடியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "மாத்துங்க" என்றார்.

அப்போதுதான் மரக்கடை முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஒரு விஷயம் கேட்டுக்கறேன்" என்றார் கம்பெனி முதலாளியிடம். "இந்தம்மா உள்ள உட்கார்ந்துட்டா, வெளிய கதவை யார் மூடுவாங்க?"

"வேற ஆள் இருக்கார். பயிற்சி கொடுத்திருக்கோம்."

"அந்த வேற ஆள் எத்தனை கதவு மூடியிருக்கார்?"

"இது ரெண்டாவது."

மரக்கடைக்காரர் நாடியைப் பிடித்துக்கொண்டார். "நான் ஏறறதா இருந்தா இந்தம்மாதான் மூடணும். இல்லேன்னா திங்கட்கிழமை என் பிரஷர் எவ்வளவு அழகா இருந்தாலும் நான் வரலை."

முதலாளியின் கண்ணில் ஏதோ ஓடியது. நல்ல சரக்கை அடையாளம் கண்டுகொண்ட வியாபாரியின் பார்வை அது. லிஃப்ட்காரர் ஓரடி மகள் பக்கம் நகர்ந்தார்.

"அவர் சொல்றது நியாயம்தான், கதவக்கா. யோசிச்சா, உங்களை நான் உள்ள அனுப்பியிருக்கவே கூடாது. இனிமே ஒவ்வொரு பயணத்துக்கும் நீங்கதான் வெளிய நின்னு மூடணும். சம்மதமா?"

"சம்மதம் சார்" என்றாள். "இந்த ஒரு தடவையைத் தவிர."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை பேசுவோம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வாசல்வரை கொண்டுவிட மகள் கூட வந்தாள். நடைபாதை நீளமாக இருந்தது. அம்மா இரண்டடி முன்னால், வேண்டுமென்றே வேகமாக நடந்தாள். நடந்துகொண்டே, திரும்பாமல், "தெரியாமத்தானே பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாமத்தான்."

"சரி." அவள் இன்னும் வேகமாக நடந்தாள். நம்பினாளா இல்லையா என்று முதுகைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

மகள் நின்றாள்.

"அப்பா, எனக்கு அது சந்தேகமில்லை. உன் நகத்தை எனக்குத் தெரியும். நான் கேக்கிறது வேற. கீறல் விழுந்ததைப் பார்த்ததும், பயணம் நின்னுடும்னு சந்தோஷப்பட்டியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். யாரால் மறுக்க முடியும்? ஆனால் அறிக்கையில் தன் தப்பைத் தானே எழுதப் போகிறவளிடம் எப்படிச் சொல்வது?

"பட்டேன்" என்றார். "அரை நிமிஷம்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கண் கலங்கியதோ என்னவோ, விளக்கு வெளிச்சத்தில் தெரியவில்லை.

"இப்போ?"

"இப்போ நீ போகணும்னு இருக்கு."

"என்ன?"

"போகணும்னு இருக்குங்கிறேன். காது கேக்கலையா? அத்தனை பேரையும் ஒரு வார்த்தையில நிறுத்தினியே. அப்படிப்பட்டவ மூணு நிமிஷமாவது மேல நின்னு கீழே பார்க்கட்டும். அந்த ஜன்னல்ல உன்னைத் தவிர வேற எவன் பார்த்தும் பிரயோஜனமில்லை."

"பயம் போயிடுச்சா?"

"பயம் எங்க போகும்? அது பாட்டுக்கு இருக்கு. இது பாட்டுக்கு இது."

அவள் சிரித்தேவிட்டாள். கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இதைத் திங்கட்கிழமை வந்து முதலாளிகிட்ட சொல்றியா?"

"நானா? அந்த மரக்கடைக்காரனையும் சேர்த்து வச்சு நாலு கேள்வி கேக்கிறேன் பாரு."

சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தார்கள். காவலாளி லிஃப்ட்காரரின் கழுத்து அட்டையை வாங்கினான். மேசையில் இருந்த பெயர்ப் புத்தகத்தைப் புரட்டினான். உள்ளேயிருந்து அதற்குள் போன் வந்திருக்க வேண்டும். அவர் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'மறுபடி அனுமதி இல்லை' என்று நிதானமாக எழுதினான்.

லிஃப்ட்காரர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு கோடிழுத்த தன் பெயருக்குக் கீழே விரலை வைத்து, காவலாளியிடம் கேட்டார்:

"தம்பி, இந்தத் தடையை நீக்கணும்னா யாரைப் பார்க்கணும்?"

"கதவு சம்பந்தமா வந்த தடை சார்" என்றான் அவன். "கதவக்கா கையெழுத்து வேணும்."

மகள் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"அவ்வளவு சுலபமா நான் கையெழுத்துப் போடறதில்லைப்பா" என்றாள்.